கொத்தி மறக்காது

"சோப்பு போட்டுக் குளிச்சவங்க, எண்ணெய் தேச்சவங்க எல்லாம் இப்பவே வீட்டுக்குப் போயிருங்க. அப்புறம் மீன் கிட்ட வரலைன்னு என் மேல வந்து விழக் கூடாது."

சொர்ணகலா தினமும் காலையில் சொல்வது இதைத்தான். புதுக்காயல் குளக்கூடத்தின் வாசலில் வரிசை கட்டி நிற்பவர்களுக்கு இது மனப்பாடம். ஆனாலும் எவனாவது ஒருத்தன் நெற்றியில் எண்ணெய் வழிய வந்து நின்று, ஒன்றும் தெரியாதவன் போலப் பல்லைக் காட்டுவான். அவனைத் திட்டி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவதற்குள் அவளுக்குத் தொண்டை வறண்டுவிடும்.

வரிசையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக மணமானித் தட்டின் மேல் வெறுங்காலோடு ஏறினார்கள். தட்டு அவர்களுடைய தோலை மோந்து பார்த்துப் பச்சை விளக்கைக் காட்டியதும் குளத்துப் படியில் இறங்கினார்கள். முழங்கால் ஆழத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு, மூச்சை நிதானமாக விட்டபடி நின்றார்கள். தகரம் கிழித்த காலோடு ஒரு பந்தல்காரர். பிரசவத்தில் போட்ட தையல் ஆறாத ஒரு பெண், இடுப்பளவு தண்ணீரில். உடம்பெல்லாம் கட்டி வந்த ஒரு கைக்குழந்தை, அதன் அப்பனின் உள்ளங்கையில். விளம்பரத் தட்டி போல ஒருவரும் ஆடாமல் அசையாமல் நின்றார்கள்.

கொத்திகள் வந்தன. விரல் நீளம்கூட இல்லாத சாம்பல் நிற மீன்கள். முதலில் ஒன்று வந்து புண்ணை முகர்ந்தது. அதற்கு நம்பிக்கை வந்த பிறகு பத்து வந்தன, அப்புறம் எண்ண முடியவில்லை. சீழையும் செத்த சதையையும் கொத்தித் தின்றுவிட்டு, எச்சிலைப் பூசிவிட்டுப் போயின. அந்த எச்சிலில்தான் விஷயமே இருக்கிறது. அதில் வாழும் கிருமிதின்னிகள் புண்ணுக்குள் இறங்கி, மிச்சமிருக்கும் கிருமிகளைத் தேடிப் பிடித்துக் கொல்லும்.

மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்தால் காலையில் காய்ச்சல் போய்விட்ட காலம் ஒன்று இருந்ததாம். சொர்ணகலாவின் தலைமுறை அதைக் கேள்விப்பட்டதோடு சரி. மனிதன் ஒரு மருந்து கண்டுபிடித்தால் கிருமி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. கடைசியில் மனிதன்தான் மூச்சு வாங்கிப்போய் உட்கார்ந்தான். ஒரு முள் குத்தினால் ஆள் போய்விடும் என்ற நிலைமையில்தான் கொத்தியைக் கண்டுகொண்டார்கள். ஆஸ்பத்திரிச் சாக்கடையெல்லாம் வந்து கலந்த கழிமுகத்தில், வேறெந்த மீனும் பிழைக்காத இடத்தில், கிருமியையே சோறாகத் தின்று இது மட்டும் பெருகிக் கிடந்தது. அதை யாரும் உருவாக்கவில்லை. நாம் போட்ட குப்பைக்கு ஏற்ற மாதிரி அது தானே மாறிக்கொண்டது.

ஆனால் கொத்திக்கு ஒரு குணம் உண்டு. அது மறக்காது. தண்ணீரில் நின்று ஒருவன் ஒரே ஒரு கொத்தியை உதைத்தாலும் போதும், அதற்குப் பிறகு அவன் காலை எந்தக் கொத்தியும் சீண்டாது. அவன் இறங்கினாலே குளம் காலியாகிவிடும், அத்தனையும் எதிர்மூலையில் போய் ஒடுங்கிவிடும். "மீன் விட்டவன்" என்று ஊர் சொல்லும். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

குளக்காரியாகச் சேர்ந்த நாளிலிருந்து சொர்ணகலாவுக்கு இதில் ஒரு பெருமை. "மீன் சும்மா விலகாது. மனுசன் மனசு மீனுக்குத் தெரியும்" என்பாள். சும்மா சொல்லக் கூடாது, அவளை அப்படிப் பேச வைத்ததே ஊர்தான். பெண் கேட்டு வருகிறவர்கள் முதலில் குளத்துக்கு வந்து, "பையனுக்கு மீன் எப்படி வருது?" என்று அவளிடம்தான் ரகசியமாக விசாரிப்பார்கள். போன வருடம் மரியபுஷ்பத்தின் புருஷன் ராயப்பனை மீன் விட்டது. பாசி வழுக்கித் தெரியாமல் மிதித்துவிட்டேன் என்று அவன் அழாத குறையாகச் சொன்னான். "அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவள் இவள்தான். ராயப்பன் தெற்கே உப்பளத்துக்குப் போய்விட்டான். மீன் விட்டவர்களெல்லாம் போகிற இடம் அதுதான். உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி, பிழைக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அன்றைக்குச் சொர்ணகலாவின் புருஷன் சுயம்புவும் வரிசையில் இருந்தான். படகு மோட்டார் பழுது பார்க்கிறவன். மோட்டார் விசிறி பட்டுக் கணுக்கால் கிழிந்திருந்தது. பின்னால் மகள் எழில் நின்றாள், ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுக்குச் சர்க்கரை. இடுப்பில் ஒட்டிய ஊசிப்பொறி அதைப் பார்த்துக்கொண்டாலும், குதிகாலில் ஒரு புண் வந்து வந்து போகும். வாரம் தவறாமல் கொத்தி வந்து சுத்தம் செய்யாவிட்டால் கால் கறுக்கத் தொடங்கும், அப்புறம் காலோடு நிற்காது. அந்த வீட்டில் எல்லோரும் சாமியைக் கும்பிட்டது கொஞ்சம்தான், கொத்தியைக் கும்பிட்டதுதான் அதிகம்.

"ஏ புள்ள, அப்பா இறங்கி முடிச்சதும் நீ வா. அவசரப்படாத" என்று சொல்லிவிட்டு, ஆள் ஒழிந்த குளத்தில் சுயம்பு இறங்கினான். கைகளைக் கட்டினான். கொத்திகள் பழகிய ஆளிடம் வருவது போலத் தயங்காமல் வந்து மொய்த்தன.

கட்டியிருந்த கை அவிழ்ந்ததைத்தான் சொர்ணகலா முதலில் பார்த்தாள். "கையைக் கட்டுங்க" என்று அதட்டக்கூட வாயெடுத்தாள். அதற்குள் அவன் கண் மேலே செருகிவிட்டது. உடம்பு விறைத்து, படியில் சாய்ந்து, கால்கள் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. சின்ன வயதில் வந்து நின்றுபோன வலிப்பு. கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லியிருக்கிறான். அத்தனை வருடமாக வராததால் இருவருமே அதை மறந்துபோயிருந்தார்கள். மேல்படியில் நின்று அக்குளில் கை கொடுத்து அவள் அவனை வெளியே இழுத்தபோது, படியோரம் நசுங்கிய கொத்திகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. குளத்தின் இந்தப் பக்கத்தில் உயிரோடு ஒரு மீன் இல்லை.

அவனுக்கு நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புள்ள தண்ணிக்குள்ள இருந்தாளா?" என்பதுதான். இல்லை என்றதும் கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது. சொர்ணகலாவுக்குத்தான் விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

குளத்துக்குப் பொறுப்பான மீனறிஞர் டாக்டர் ஹமீதாவின் அறைக்கு ஓடினாள். ஹமீதா வாழ்நாளில் பாதியைக் கொத்திகளைப் பார்த்துக்கொண்டே கழித்தவர். நல்ல மனுஷி, ஆனால் ஆறுதலுக்காகக்கூடப் பொய் சொல்லத் தெரியாது.

"டாக்டரம்மா, அவுக வேணும்னு உதைக்கலை. வலிப்பு வந்துட்டு. நீங்களே கேமராவுல பாருங்க."

"பார்த்துட்டேன் சொர்ணம். ஆனா மீனுக்கு வலிப்புன்னு ஒண்ணு கிடையாது. உதைன்னு ஒண்ணுதான் உண்டு."

"கொஞ்ச நாள் போனா மன்னிச்சிராதா?"

ஹமீதா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "மன்னிக்கிற கொத்தியும் ஒரு காலத்துல இருந்திருக்கும். அதெல்லாம் உதைச்சவன் காலுக்கே திரும்பப் போய் மிதிபட்டுச் செத்துப்போச்சு. மறக்காத மீனோட குஞ்சுதான் மிஞ்சிச்சு. இப்ப நம்ம குளத்துல இருக்கிறது எல்லாம் அதோட வம்சம்."

"அப்ப வேற ஊர்க் குளத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க உள்ள மீனுக்கு இவுகளத் தெரியாதுல்லா?"

"தெரியும். ஒரு கொத்தி அடிபட்டா அதோட தோல்லயிருந்து அச்சச்சுரப்புன்னு ஒண்ணு தண்ணியில கலக்கும். அந்த நேரத்துல தண்ணியில எவன் வாடை இருக்கோ அவன்தான் எதிரின்னு மத்ததெல்லாம் படிச்சுக்கும். அந்த மீனைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அதுக்கு அடுத்தது. எல்லாக் குளமும் ஒரே வாய்க்கால்ல கோத்துக் கிடக்கு. நீ பஸ் ஏறிப் போறதுக்கு முன்னால சேதி போயிரும்."

ராயப்பன் முகம் எங்கிருந்தோ வந்து சொர்ணகலாவின் கண் முன்னால் நின்றது. இத்தனை வருடமும் மீனுக்கு மனுஷன் மனசு தெரியும் என்று நினைத்திருந்தாள். மனசாவது மண்ணாவது! அதற்குத் தெரிந்ததெல்லாம் கால் அசைந்ததா இல்லையா என்பதுதான். அதை வைத்து எத்தனை வீட்டை இவள் வாயால் உடைத்திருக்கிறாள்!

"எழிலு?" என்றாள் கடைசியில். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் ஹமீதா. "நம்ம தோலு ஒரு காடு மாதிரி சொர்ணம். கண்ணுக்குத் தெரியாத உயிர் கோடிக்கணக்குல அதுல வாழுது. அக்குள்ல ஒரு சாதி, நெத்தியில ஒரு சாதி, விரலிடுக்குல ஒரு சாதி. அதுங்க விடுற மூச்சுதான் நம்ம வாடை. மீன் மோந்து பார்க்கிறது உன்னை இல்ல, உன் மேல வாழுற அந்தக் கூட்டத்தை. ஒரே பாயில படுத்து, ஒரே தட்டுல சாப்பிட்டு, கட்டிப்பிடிச்சு வாழுறவங்களுக்கு அந்தக் கூட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துரும். உன் புருஷன் மேல உள்ளதுல பாதி உன் பிள்ளை மேலயும் இருக்கு."

மறுநாளே தெரிந்தது. எழில் படியில் இறங்கிக் கைகளைக் கட்டி நின்றாள். தண்ணீர் தெளிந்து கிடந்தது. எதிர்மூலையில் கொத்திகள் கரும்புள்ளிகளாகக் குவிந்திருந்தன, ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை. "அம்மா, நான் ஆடவே இல்லம்மா. சாமி சத்தியமா ஆடல" என்றாள் பிள்ளை. வரிசையில் நின்றவர்கள் வேறெங்கோ பார்த்தார்கள்.

சுயம்பு மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளாமல் உப்பளத்துக்குக் கிளம்பினான். எழில் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தபோது, பாம்பைக் கண்டவன் போலப் பின்னால் நகர்ந்தான். ஒன்பது வருடத்தில் அவன் அவளைத் தள்ளி வைத்தது அதுதான் முதல் தடவை. "தொடாத மக்கா. திரையில தினமும் பேசுவோம். பாக்கலாம், பேசலாம், எல்லாம் செய்யலாம்" என்றான். பிள்ளைக்கு அந்த எல்லாவற்றிலும் எது இல்லை என்று தெரியாதா என்ன?

அவன் போன அன்று மத்தியானம் மரியபுஷ்பம் வீட்டுக்கு வந்தாள். குத்திக்காட்டத்தான் வருகிறாள் என்று நினைத்துச் சொர்ணகலா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குத்திக்காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

"மைனி, தலகாணியை வேக வைக்கலாம்னு பாக்கீயளோ? வேக வச்சா போவாது. எரிச்சிருங்க. பாயையும் எரிச்சிருங்க. கதவுப் பிடி, கொடிக்கயிறு, குளியலறைச் செம்பு, இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. வினிகர் போட்டுத் தேய்க்கணும். நான் செம்பை மறந்துட்டுப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"மரியபுஷ்பம்..." என்று சொர்ணகலா தொடங்கினாள்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். முதல்ல பாயை எடுங்க."

பாயும் தலையணையும் சுயம்புவின் சட்டைகளும் கொல்லையில் எரிந்தன. செத்த வீட்டில்கூட இத்தனை சுத்தமாகத் துடைக்க மாட்டார்கள். எழில் எட்டி நின்று பார்த்தாள், அழவில்லை. பிறகு யாரும் சொல்லாமலே போய்த் தன் கையை வினிகரில் கழுவிக்கொண்டு வந்தாள்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் பழைய காடு அழிந்து புதிய காடு வளர்ந்துவிடும் என்று ஹமீதா சொல்லியிருந்தார். மாதம் கடந்தது. எழில் ஒவ்வொரு வாரமும் படியில் இறங்கி நின்றாள், கொத்திகள் ஒவ்வொரு வாரமும் எதிர்மூலைக்குப் போயின. வாசல் மணமானியில் பிள்ளை ஏறினால் மஞ்சள் விளக்கு எரிந்தது. பச்சைக்கு வருவேனா என்றது. குதிகால் புண் ஓரத்தில் கறுப்பு தட்டி, அறையில் நுழைந்தாலே ஒரு கெட்ட வாடை அடிக்க ஆரம்பித்தது. பிள்ளைக்கு இரவும் பகலும் சூடு காய்ந்தது.

சொர்ணகலாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. வீட்டில் எங்கோ அவன் மிச்சம் இருக்கிறான் என்று மூலை முடுக்கெல்லாம் துழாவினாள். கடைசியில் பிள்ளை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. புத்தகப்பையைத் தரையில் கொட்டினாள், மெத்தை உறையைக் கிழித்தாள்.

"அப்பா பனியனை எங்கட்டி ஒளிச்சு வச்சிருக்க? மரியாதையாச் சொல்லு!"

"ஒண்ணும் இல்லம்மா."

"பொய் சொல்லாத! நீயே உன் காலைத் தின்னுட்டு இருக்க. எங்க வச்சிருக்க?"

"இல்லம்மா... எனக்கு அது வேணும்னு தோணிச்சு. ஆனா நீ எல்லாத்தையும் எரிச்சிட்ட" என்று சொல்லிவிட்டு எழில் வாய்விட்டு அழுதாள். அதைக் கேட்டதும் சொர்ணகலாவுக்கு ஓங்கிய கை அப்படியே விழுந்துவிட்டது.

மறுநாள் ஹமீதா கூப்பிட்டனுப்பினார். "உங்க வீட்டுல உள்ள எல்லாரையும் மணமானியில ஏத்திப் பார்த்தியா?"

"எங்க வீட்டுல வேற யாரு? அவ ஒருத்திதான்."

"நீ?"

குளக்காரிகளுக்குத் தனிவழி. அவர்கள் பின்கட்டுக் கதவு வழியாக வருவார்கள், கரையிலேயே நின்று வேலை பார்ப்பார்கள், தண்ணீரில் இறங்க மாட்டார்கள். ஊரில் அத்தனை பேர் காலையும் அந்தத் தட்டில் ஏற்றி இறக்கியவள், தான் அதில் ஏறியதே இல்லை. ஏறிப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஹமீதா கேட்காமலே அவளுக்குச் சொல்லத் தோன்றியது. "வாய்க்கால் மதகு பாக்கப் போற சாக்குல வாராவாரம் உப்பளத்துக்குப் போவேன் டாக்டரம்மா. அவுக கணுக்காலுப் புண்ணுக்குக் கட்டுப் போட அங்க யாரும் இல்ல. கட்டிட்டு, கொஞ்ச நேரம் கையைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பேன். அவ்வளவுதான். வாறப்போ உப்புத் தண்ணியில தேய்ச்சுக் குளிச்சிட்டுத்தான் வருவேன். வேணும்ங்கிற அளவு தேய்ச்சேன்."

"வந்து பிள்ளைக்குத் தலை பின்னிவிடுவ."

"பின்னுவேன்."

"பக்கத்துல படுப்ப."

சொர்ணகலா தட்டிலிருந்து இறங்கவில்லை. அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபடியே நின்றாள். மகளின் மெத்தையைக் கிழித்த அதே கைதான் அவனைத் தொட்டுவிட்டு வந்து மகளைத் தொட்டிருக்கிறது. இரண்டு பேரையும் விட முடியாமல் பிடித்துக்கொண்டிருந்ததில், ஒருத்தியைக் கொன்றுகொண்டிருந்திருக்கிறாள்.

அன்று வெயில் உச்சிக்கு வரும்முன் உப்பளத்துக்குப் போனாள். பாத்திகளில் உப்பு பூத்து, கண்ணைத் திறக்க முடியாதபடி வெள்ளையாகக் கிடந்தது. சுயம்பு அவளைக் கண்டதும் உப்பு வாரியைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் நடந்து வந்தான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"கிட்ட வராதீங்க."

ஒரு பாத்தி அளவு இடைவெளியில் அவன் நின்றுவிட்டான். நொண்டல் கொஞ்சம் கூடியிருந்தது. உப்பு பட்டுப் பட்டு உதடு வெடித்திருந்தது. இருவருக்கும் நடுவில் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது.

"புள்ள கால் எப்படி இருக்கு?"

"கறுத்துட்டு வருது. என்னாலதான். உங்களத் தொட்டுட்டுப் போய் அவளத் தொட்டிருக்கேன்."

அவன் முகம் சுருங்கியது. பிறகு கோபம் வந்தது. "அப்ப இப்ப எதுக்குட்டி வந்த? புத்தி இருக்கா உனக்கு? போ. திரும்பிப் போ!"

"சொல்லிட்டுப் போவோம்னுதான்..."

"திரையில சொல்ல வேண்டியதுதான? அந்தக் காத்து படுதே, மண்ணு ஒட்டுதே! போட்டி! இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்." கத்திக்கொண்டே அவன் பின்னால் நடந்தான், அவளைப் பார்த்தபடியே பின்னால் நடந்தான். வரப்பு தடுக்கி உப்பில் உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அப்படியே இருந்தான். போய்த் தூக்கிவிட வேண்டும் என்று சொர்ணகலாவின் உடம்பு முழுக்கத் துடித்தது. தூக்கவில்லை. திரும்பி நடந்தாள். வழியெல்லாம் அழுதாள், யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று சத்தம் போட்டே அழுதாள்.

அதன் பிறகு மகளோடு ஒரே அறையில் அவள் படுக்கவில்லை. மரியபுஷ்பம் வந்து எழிலுக்குத் தலை பின்னினாள், தன் பிள்ளைகள் கட்டிய பாவாடைகளைக் கொண்டுவந்து உடுத்திவிட்டாள், தன் வீட்டுத் தயிரை ஊற்றிச் சோறு பிசைந்து கொடுத்தாள். "எங்க வீட்டுக் காட்டைக் கொஞ்சம் உங்க வீட்டுல நட்டு வைக்கேன் மைனி" என்றாள் சிரித்துக்கொண்டே. ராயப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் ஆடி மாதத்திலேயே உப்பளத்தில் செத்துப்போனான் என்று சொர்ணகலாவுக்கு வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அதைக் கேட்ட அன்று அவள் மரியபுஷ்பத்தின் முன்னால் போய் நின்றாள். மரியபுஷ்பம் அவள் கையில் வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள்.

எழிலின் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. குதிகாலில் கறுப்பு ஒரு ரூபாய் அகலத்துக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம், எடுத்த இடமும் ஆறுவதற்குக் கொத்தி வேண்டுமே என்று ஹமீதா கவலைப்பட்டார்.

அப்படியான ஒரு காலையில் மணமானி பச்சை காட்டியது.

எழிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படியில் விட்டவள் மரியபுஷ்பம். சொர்ணகலா மேல்படியில் எட்டி நின்றாள். வரிசையில் நின்ற ஜனம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எதிர்மூலையிலிருந்து ஒரு கொத்தி பிரிந்து வந்தது. பாதி வழியில் நின்றது. மறுபடி வந்தது. குதிகாலை முகர்ந்தது, சுற்றிவந்து மறுபக்கம் முகர்ந்தது. பிறகு வாயைத் திறந்து ஒரு கொத்துக் கொத்தியது.

அடுத்த நிமிடம் தண்ணீரே தெரியவில்லை. அத்தனை நாள் பசியையும் சேர்த்து வைத்திருந்தது போல மீன்கள் பிள்ளையின் கால்களை மூடிவிட்டன. வரிசையில் யாரோ கைதட்டினார்கள். மரியபுஷ்பம் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தோடேயே இன்னொன்றும் சொர்ணகலாவுக்கு உறைத்தது. கொத்தி வந்துவிட்டதென்றால் சுயம்பு போய்விட்டான் என்று அர்த்தம். பெற்ற நாளிலிருந்து அவன் தூக்கியும் முத்தமிட்டும் அந்தப் பிள்ளை மேல் குடிவைத்திருந்த உயிர்களில் ஒன்றுகூட மிச்சமில்லை.

பிள்ளைக்கும் அது உறைத்திருக்க வேண்டும். கைகளைக் கட்டியபடியே, தலையை மட்டும் மெல்லத் திருப்பினாள்.

"அம்மா, அப்பா என்மேல இருந்து முழுசாப் போயிட்டாவளா?"

இந்தக் கேள்விக்குச் சொல்ல அவளிடம் எத்தனையோ பொய் இருந்தது. மீனுக்கு மனசு தெரியும் என்ற பொய்யையே ஊருக்குச் சொல்லிப் பழகிய குளக்காரி. ஆனால் வாயில் வந்தது வேறு.

"போயிட்டாவ மக்கா."

எழில் கீழே குனிந்து மீன்களைப் பார்த்தாள். கால் விரல்கள் மடங்கி விறைத்ததைச் சொர்ணகலா பார்த்தாள்.

"நான் ஒண்ணே ஒண்ணை உதைச்சா, அப்பாகிட்டயே போயிரலாம்லா?"

ஓடிப்போய்க் காலைப் பிடித்துக்கொள்ள முடியாது. தண்ணீர் கலங்கினால் தீர்ந்தது. அடம்பிடிக்கிற பிள்ளையை அதட்டுவது போல அதட்டவும் முடியாது. கேட்டதில் தப்பு என்ன இருக்கிறது?

"போயிரலாம்" என்றாள் சொர்ணகலா. "ஒரு மாசம் அப்பா மடியில இருக்கலாம். அப்புறம் அப்பா கையாலயே உன்ன அந்த உப்புல புதைக்கணும்."

மீன்கள் கொத்திக்கொண்டிருந்தன. எழில் வெகுநேரம் அப்படியே நின்றாள். மடங்கிய விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. கட்டிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு அழத் தொடங்கினாள். விசும்பல் இல்லை, தோள் குலுங்கவில்லை, மூச்சுகூடத் தடுமாறவில்லை. கன்னத்தில் வழிந்து இறங்கிய கண்ணீர் குளத்தில் விழுந்துகொண்டிருந்தது, ஒரு கொத்திகூட அதனால் மிரளவில்லை.

"மகராசி, எப்படி ஆடாம நிக்கா பாருங்க!" என்றது வரிசையில் ஒரு குரல்.